பாட்டுக்குள் ஒரு சில்வண்டு

காதுமூடியை மாட்டுவதற்கு முன்னால் புனிதன் இடது காதில் ஓர் இயர்போனைச் செருகிக்கொள்வார். வலது காதில் ஒன்றும் இருக்காது. அதற்கு மேல் கம்பெனி கொடுத்த மஞ்சள் காதுமூடி, அதற்கும் மேல் தலைக்கவசம். சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒலியைக் கடைசிவரை ஏற்றிவிட்டுத்தான் பாய்லர் மேடையில் கால் வைப்பார். "ஒரு காது பாட்டுக்கு, ஒரு காது பாய்லருக்கு. பாய்லரும் பேசும்லா. அது பேசுறத நாம கேக்கலன்னா அப்புறம் பேசறதுக்கு நாம இருக்க மாட்டோம்" என்பார்.

கோல சிலாங்கூருக்கும் புக்கிட் ரோத்தானுக்கும் நடுவில் இருக்கும் ஒரு செம்பனை ஆலையில் அவருக்கு இருபத்தாறு வருடச் சேவை. குலைகளைப் பிழிந்து எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து நீராவி உண்டாக்குகிற வேலை. அங்கே பக்கத்தில் நிற்பவன் வாயைத் திறப்பது தெரியும், சொல் வந்து சேராது. அதனால் அந்த ஆட்கள் கையால் பேசுகிறார்கள். இரண்டு விரல் காட்டினால் தண்ணீர். முஷ்டியை மூடினால் காற்றை அடை. உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் தீயைக் குறை. கல்யாணப் பந்தியில் ரசம் கேட்பதற்கு இவர் இரண்டு விரலைக் காட்ட, பரிமாறியவர் இரண்டு அப்பளத்தை வைத்துவிட்டுப் போனதை நான் பக்கத்து இலையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இடையில் இருப்பது ஒரு கம்பி வேலிதான். நான் ரவாங்கில் கோப்புகளோடு முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வுக்காலத்தில் இந்த மாதிரி நாலு பத்தி எழுதிக்கொண்டு இந்தத் தாமான் குடியிருப்பில் ஒதுங்கியவன். அமைதியைத் தேடி வந்தேன். வாய்த்த அண்டைவீட்டுக்காரர் புனிதன். அவர் வீட்டில் இன்று என்ன குழம்பு, மகள் ஜொகூரிலிருந்து எப்போது வருகிறாள், கட்டிலின் எந்தக் கால் ஆடுகிறது எல்லாம் எனக்குத் தெரியும். ரகசியம் பேசுவதென்றாலும் அவர் எதிர்க்கரையில் இருப்பவனிடம் பேசுகிற குரலில்தான் பேசுவார்.

மனைவி லீலாவதி பாலர் பள்ளி ஆசிரியை. "இவருக்குக் கத்திக் கத்திப் பழகி, அங்க பிள்ளைங்ககிட்டயும் கத்திடுறேண்ணே. ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு, ஏன் எப்பவும் கோவமா இருக்கீங்கன்னு கேக்குறாங்க" என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

புனிதனுக்கு வயது நாற்பத்தொன்பது. ஒல்லி உடம்பு. இரண்டு முன்னங்கைகளிலும் ரோமம் கிடையாது, தீவாசலைத் திறந்து திறந்து பொசுங்கிவிட்டது. மது இல்லை, சிகரெட் இல்லை, நாலு நம்பர் லாட்டரி எடுப்பதில்லை. ஆசை என்று இருப்பது ஒன்றே ஒன்று. அதன் பெயர் 'ஒன்பதாங்கட்டை'.

வெளியூர் வாசகர்கள் குழம்பவேண்டாம். இது சுருதிக் கட்டை இல்லை, மைல்கட்டை. பத்தாங் காலிப் பக்கம் ஒன்பதாவது மைலில் இருந்த ஒரு தோட்டத்துப் பையன்கள் நான்கு பேர், பழைய ரப்பர்ப் பால் கொட்டகைக்குள் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு ஆரம்பித்த ராக் இசைக்குழு. பாடுகிறவரும் கிட்டார் வாசிப்பவருமான குமரவேல்தான் தலைவர். அவர்களுடைய முதல் கேசட்டின் பெயர் 'கொதிகலன்'. புனிதன் ஆலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத சமயம். கடையில் பெயரைப் பார்த்ததுமே, "நம்ம வேலைய பாட்டா போட்டிருக்கானுங்கலா" என்று வாங்கியிருக்கிறார். அந்த எட்டுப் பாட்டில் எதிலும் பாய்லர் வராது. அது வேறு விஷயம்.

நானும் கேட்டுப் பார்த்தேன். என் காது பழைய படப் பாட்டில் வளர்ந்த காது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நீங்கள் சொன்னாலும் சரி, எனக்கு அது தகரக் கொட்டகைமேல் தேங்காய் விழுகிற சத்தமாகத்தான் இருந்தது. புனிதன் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க அத வீட்டுல உக்காந்து கேட்டிருப்பீங்க. பாய்லர் பக்கத்துல வச்சுக் கேக்கணும்ணே. அங்க வேற எந்தப் பாட்டும் நிக்காது. இவனுங்க பாட்டுதான் பாய்லரோட மல்லுக்கு நிக்கும்" என்றார்.

சபாக்கில் ஒரு திடலில் அவர்கள் வாசித்தபோது, குலை ஏற்றுகிற லோரியில் பன்னிரண்டு பேரைத் திரட்டிக்கொண்டு போனது அவர் வாழ்க்கையின் பெருநாள். "ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னாலயே நின்னேன். நெஞ்செலும்பு ஆடுச்சுண்ணே. மூணு நாளு எவன் என்ன சொன்னாலும் காதுல ஏறல" என்பார். இதைச் சொல்லும்போதெல்லாம் முகத்தில் ஒரு மாப்பிள்ளைக் களை வந்துவிடும். அன்று வாங்கிய கறுப்புச் சட்டை இப்போது சாம்பல் நிறமாகிவிட்டது. ஞாயிறுதோறும் அதைத்தான் போடுகிறார்.

கேசட் போய், சிடி வந்து, அது கைப்பேசிக்குள் நுழைந்தது. காதுமூடிக்கு அடியில் இடது காதில் மட்டும் 'கொதிகலன்' ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஓவர்டைம் என்றால் பன்னிரண்டு. காதைக் காப்பாற்றக் கம்பெனி கொடுத்த மூடிக்கு அடியிலேயே இவர் காதுக்குச் சமாதி கட்டிக்கொண்டிருந்தார். அப்போது எனக்கும் அது தோன்றவில்லை. அவர் ரசனையைக் கிண்டல் செய்வதிலேயே என் கெட்டிக்காரத்தனம் தீர்ந்துபோயிருந்தது.

சென்ற வருடத்துக்கு முந்திய வருடம், ஏழெட்டு ஆண்டு மௌனத்துக்குப் பிறகு, ஒன்பதாங்கட்டையின் புதிய தொகுப்பு வந்தது. பெயர் 'வாய்க்கால்'. ஏழு பாட்டு. மின்சாரக் கிட்டார் இல்லை. டிரம்ஸ் இல்லை. ஒரு மரக் கிட்டார், ஒரு கஞ்சிரா, ஒரு புல்லாங்குழல். நாற்பது வயது தாண்டியும் கத்திய குமரவேல், இதில் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனிடம் சொல்கிற மாதிரிப் பாடுகிறார். ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, அடுத்ததை மீட்ட மனமில்லாமல் அப்படியே இருந்துவிடுகிறார். ஏன் இந்த மாற்றம் என்று அவர் எங்கேயும் வாய் திறக்கவில்லை.

பேஸ்புக்கில் அவர்களுக்கு நானூறு சொச்சம் ரசிகர்கள் கொண்ட ஒரு குழு இருக்கிறது. அங்கே தீபாவளி வெடிதான். காசுக்கு விலைபோய்விட்டார்கள் என்றார் ஒருவர். கோயில் பஜனைக்குப் போகலாம் என்றார் இன்னொருவர். செரண்டாவிலிருந்து கணேஸ்வரன் என்பவர், தன் பழைய சட்டையைத் தரை துடைக்கப் போட்டுப் படமெடுத்துப் பதிந்திருந்தார். முதல் இரண்டு வாரம் புனிதனும் அந்தக் கட்சிதான். "இருவத்தஞ்சு வருசம் கூட வந்தவன நட்டாத்துல விட்டுட்டானுங்கண்ணே" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலை வெட்டி உள்ள மனிதர் இதற்கா கண் கலங்குகிறார் என்று நான் நினைத்தேன். ஆனால் கலங்கியது நிஜம்.

மனம் திரும்பியது ஒரு ஞாயிறு மதியம். தாமான் முழுக்க மின்சாரம் போயிருந்தது. விசிறி நின்று, தொலைக்காட்சிகள் நின்று, நாய்கள்கூட அடங்கிக் கிடந்த நேரம். வேறு வேலை இல்லாமல் 'வாய்க்கால்' தொகுப்பை முதல்முறையாக இரண்டு காதிலும் மாட்டி, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்டிருக்கிறார். முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்தார். செருப்பு இல்லை.

"நான்தாண்ணே முட்டாள். என்னா பண்ணியிருக்கானுங்க தெரியுமா" என்றார். "முன்ன நம்ம தலைக்கு மேல ஏறி நின்னு கத்துனானுங்க. இப்ப பக்கத்துல உக்காந்து பேசுறானுங்க. ஒரு தட்டு தட்டிட்டுச் சும்மா இருக்கான் பாருங்க. தட்டறது செனாங்ணே, எவனும் தட்டுவான். சும்மா இருக்கறதுதான் சூசா, எல்லாருக்கும் வராது."

எந்தப் பத்திரிகையிலும் நான் படித்திராத நல்ல விமர்சனம் அது. அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். அவர் அதோடு நிறுத்தவில்லை. இயர்போனை என் காதில் மாட்டிவிட்டார்.

"பின்னால கேக்குதா? எல்லாப் பாட்டுக்கும் பின்னால ஒரு சில்வண்டு விட்டிருக்கானுங்க. ரீ... ன்னு, மெல்லிசா, நிக்கவே நிக்காது. கிட்டார் நின்னுட்டா அது மட்டும் கேக்கும். எனக்குத் தோட்டத்து லயத்து வீட்டுல இருந்த சின்ன வயசு ஞாபகம் வந்துருச்சுண்ணே. கேக்குதா?"

நான் கூர்ந்து கேட்டேன். கிட்டார் கேட்டது. குமரவேல் மூச்சு இழுப்பது கேட்டது. கிட்டார் நின்ற இடங்களில் எதுவும் இல்லை. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அறுபது வயதுக் காது, எனக்குத்தான் கேட்கவில்லை போலும் என்று நினைத்து, "ஆமாம், கேக்குது" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து நானும் அந்தத் தொகுப்பைக் கேட்க ஆரம்பித்தேன். உண்மையாகவே பிடித்துப்போனது. மூன்றாவது பாட்டு முழுவதும் அந்தப் புல்லாங்குழல் பாடுகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும். ஒரு நாள் வேலியோரம் அதைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அந்தப் புல்லாங்குழல் அருமை, இல்லையா புனிதன்?"

"எந்தப் புல்லாங்குழல்?" என்றார்.

ஐந்து மாதமாக ஒவ்வொரு பாட்டையும் பிரித்துப் பிரித்துப் பாராட்டிக்கொண்டிருக்கிற மனிதர், அதுவரை ஒருமுறைகூடப் புல்லாங்குழல் என்ற சொல்லைச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாட்டில் இருப்பது அவருக்குக் கேட்கவில்லை. இல்லாதது கேட்கிறது.

இரண்டு நாள் கழித்து, துணி காயப்போட வந்த லீலாவதியிடம் மெல்லக் கேட்டேன். அவர் கொடியில் கிளிப்பை மாட்டிக்கொண்டே பேசினார். எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"போன மாசம்ணே. போன் அடுப்படியில சார்ஜ்ல இருக்கு. பாட்டும் இல்ல ஒன்னும் இல்ல. இவரு ஹால்ல உக்காந்துக்கிட்டு, லீலா, பாட்ட கொஞ்சம் நிப்பாட்டேன், தூக்கம் வருதுங்கறாரு." ஒரு சட்டையை இரண்டு முறை உதறினார். "எனக்கும் அந்தச் சத்தம் கேக்குதுன்னு முன்னயே சொல்லி வச்சுட்டேன். ஆசையா கேட்டாரு, சொல்லிட்டேன்."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகக் கூடாதா என்றேன்.

"கூப்பிடாம இருப்பேனா? எங் காதுக்கு என்னா குறை, சில்வண்டு சத்தமே கேக்குதுங்கறாரு. அதுக்கு மேல நான் என்னாண்ணே சொல்லுறது? அது பாட்டுல இல்லன்னு சொன்னா, அந்தப் பாட்டையும் விட்டுருவாரு. மக பேசுனா லைன் சரியில்லன்னு போன வச்சுடுறாரு. கோயில்ல பேசுறது புரியாம வெளிய வந்து நிக்கிறாரு. அது ஒன்னுதான் இருக்கு அவருக்கு."

சொல்லிவிடலாம் என்று எனக்குள் ஒரு மனம் சொன்னது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டாவது மனம் சொல்வதைக் கேட்பது எப்போதுமே வசதி. கேட்டேன்.

புனிதனோ ஊர் முழுக்கச் சில்வண்டு பரப்பிக்கொண்டிருந்தார். பேஸ்புக் குழுவில், தொகுப்பைத் திட்டுகிறவர்களுக்கெல்லாம் அவர் ஒருவரே பதில். "பின்னாடி ஓடுற சில்வண்ட கேட்டியா? அத கேக்காம பேசாத." எவருக்கும் கேட்கவில்லை. அவர்கள் கேட்பது மலிவு ஸ்பீக்கர் என்று முடிவு கட்டினார். ஒரு மாத ஓவர்டைமைப் போட்டு நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கினார். அதில் வெளிச்சத்தம் அண்டாது. சில்வண்டு இன்னும் தெளிவாகக் கேட்டது. அதையும் குழுவில் எழுதினார். "அண்ணன் காதுல பூச்சி பூந்துருச்சு, யாராச்சும் எண்ணெ ஊத்துங்கப்பா" என்று அந்தக் கணேஸ்வரன் எழுத, எழுபது பேர் சிரித்து வைத்திருந்தார்கள். புனிதன் அதை என்னிடம் காட்டி, "சின்னப் பசங்க, கேக்கத் தெரியல" என்றார். எனக்கு அந்த எழுபது பேரையும் அறையலாம் போலிருந்தது. அவர்கள் கேலி செய்தார்கள், நான் பொய் சொன்னேன். யார் செய்தது மோசம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சென்ற மார்ச்சில், ஒன்பதாங்கட்டை கோல சிலாங்கூரில் வாசிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. பெரிய திடல் எல்லாம் இல்லை, ஒரு சிறு மண்டபம். ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. இடைவேளையில் தேநீர், குழுவினரோடு பேசலாம்.

"குமரவேல் அண்ணன் கையப் புடிச்சு அந்தச் சில்வண்டுக்கு ஒரு வார்த்த சொல்லணும்ணே" என்றார் புனிதன். "ஊரே திட்டுது அவர. ஒருத்தனுக்காவது புரிஞ்சுதுன்னு அவருக்குத் தெரியணும்ல."

லீலாவதி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். போகிற வழியில் சொல்லிவிடவேண்டும் என்று இருவரும் தனித்தனியே தீர்மானித்திருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது. என் காரில்தான் போனோம். இருபது நிமிடப் பயணம். புனிதன் முன்சீட்டில் அந்தச் சாம்பல் சட்டையோடு, கல்யாணத்துக்குப் போகிறவர் போலத் தலையைப் படிய வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படியே மண்டபமும் வந்துவிட்டது.

நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். அறுபது பேர் வந்திருந்தார்கள். குமரவேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து மரக் கிட்டாரை மடியில் வைத்திருந்தார். ஐம்பத்துமூன்று வயது, வழுக்கை, கண்ணாடி. பழைய டிரம்ஸ்காரர் கையில் கஞ்சிரா. ஓரத்தில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் புல்லாங்குழல். குமரவேலின் மகளாம்.

இரண்டாவது பாட்டில் அந்தப் பெண் குழலை உதட்டில் வைத்தாள். மண்டபம் அப்படியே குழைந்துபோனது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது புனிதன், தனக்குத் தணிந்ததாகப் படுகிற குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அந்தப் பொண்ணுக்கு மைக் வைக்க மறந்துட்டானுங்கலா. பாவம், சும்மா ஊதிக்கிட்டு நிக்கிது."

முன்வரிசையில் நாலைந்து பேர் திரும்பினார்கள். லீலாவதி முந்தானையைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டார். நான் மேடையையே பார்த்தேன்.

இடைவேளையில் மீகூனும் வடையும் வைத்திருந்தார்கள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குக் கிடைத்தது, இறங்கவில்லை. புனிதன் தட்டைக்கூட எடுக்காமல் நேரே குமரவேலிடம் போனார். நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம். தடுப்பதற்கோ, தாங்கிப் பிடிப்பதற்கோ.

"அண்ணே, நான் புனிதன். கொதிகலன் கேசட்லேர்ந்து உங்கள கேக்குறவன்."

"சந்தோசம் பாஸ்" என்றார் குமரவேல். இடது காதைச் சற்றுத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்கள திட்டுறவனுங்கள விடுங்கண்ணே. இப்ப வந்த பாட்டுதான் பாட்டு. அதுல, பின்னால, எல்லாப் பாட்டுலயும் ஒரு சில்வண்டு விட்டிருக்கீங்களே. அத எங்க போய்ப் புடிச்சீங்க? அந்தச் சத்தத்துக்காகவே நான் தினமும் கேக்குறேன்."

வடை எடுக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஓர் ஆள் சிரிப்பை அடக்கினார். குமரவேல் சிரிக்கவில்லை. கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தார்.

"எங்க வேல செய்றீங்க?"

"மில்லு. பாய்லர்."

"எத்தன வருசம்?"

"இருவத்தாறு."

"அந்தச் சத்தம் எந்தக் காதுல கூடக் கேக்குது?"

இது என்ன கேள்வி என்பதுபோல் புனிதன் கொஞ்சம் யோசித்தார். "இடதுல."

"எனக்கு வலது" என்றார் குமரவேல். "டிரம்ஸ் எப்பவும் அந்தப் பக்கந்தான் இருக்கும்."

புனிதனுக்கு உடனே பிடிபடவில்லை. குமரவேலின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். குமரவேல் இன்னும் அருகில் வந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அது பாட்டுல இல்ல பாஸ். நம்ம காதுக்குள்ள இருக்கு. எனக்கு ஆறு வருசமா இருக்கு. பெரிய சத்தத்த விட்டாத்தான் மிச்சம் இருக்கற காதாவது தப்பிக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்காகத்தான் எல்லாத்தையும் மாத்துனேன். யார்கிட்டயும் சொல்லிக்கல. நான் கிட்டார எடுத்தாலே இது கூட வந்து நிக்கும். சரி வான்னு, ஒவ்வொரு பாட்டுலயும் அதுக்குக் கொஞ்சம் எடம் விட்டுட்டுத்தான் போட்டேன்."

"எப்ப நிக்கும்?" என்று கேட்டார் புனிதன்.

"நிக்காது."

குமரவேல் அவர் தோளில் கைவைத்து, ஆஸ்பத்திரிக்குப் போங்க, தள்ளிப் போடாதீங்க என்றார். அதற்குள் யாரோ படம் எடுக்க அழைக்க, போகவேண்டியிருந்தது. புனிதன் மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினார்.

"கேக்குதுன்னு சொன்னியே லீலா."

லீலாவதி அழுதார். புனிதன் அடுத்து என்னைப் பார்த்தார். "நீங்களுந்தாண்ணே சொன்னீங்க."

கோபம் இல்லை அந்தக் குரலில். மெல்லச் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் குரல் தணிந்து நான் கேட்டது அன்றுதான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினார்.

"அந்தப் பொண்ணு ஊதுனது உங்களுக்குக் கேட்டுச்சா?"

இந்த முறையாவது உண்மை சொல்லவேண்டும் என்று, "கேட்டுச்சு புனிதன்" என்றேன்.

"எப்படி இருந்துச்சு?"

பத்திரிகையில் எழுதுகிறவன் என்று பெயர். "நல்லா இருந்துச்சு" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அவர் தலையாட்டிக்கொண்டார். அவ்வளவுதானா என்று கேட்டிருக்கலாம்.

வீட்டுக்குப் போய்விடலாமா என்றார் லீலாவதி. இல்லை, இருந்து கேட்டுவிட்டுப் போவோம் என்று அதே நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். இரண்டாம் பகுதியின் முதல் பாட்டே தொகுப்பின் மூன்றாவது பாட்டுதான், அந்தக் குழல் கூடவே வருகிற பாட்டு. குமரவேல் ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு நிறுத்தினார். பெண் குழலை உயர்த்தினாள். மேடையில் அவள் விரல்கள் அசைவதைப் புனிதன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் தூக்கித் தன் காதுகளை இறுக்கமாக மூடிக்கொண்டார்.

பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். லீலாவதி அவர் முழங்கையைத் தொட்டு மெல்ல இழுத்தார். கை இறங்கவில்லை. கண்ணையும் மூடி, உள்ளே எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். வலது கால் மட்டும் சிமெண்டுத் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்தது, மண்டபம் கைதட்டியது, குமரவேல் தண்ணீர் குடிக்கக் குனிந்தார். புனிதனின் கால் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.